மாற்றிக்கொண்டே இருக்கும் முதலாளி, மாறக் கூடாத கணக்கு: நான்கு வழிகளில் உங்களுக்கு எது?

கடந்த சில மாதங்களில் ஒரே கேள்வியை மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். திருவொற்றியூரில் டிரெய்லர் ஓட்டும் நிறுவனத்தின் மேனேஜர் ஒருவர், மாதவரத்தில் லாரி உதிரிபாகக் கடையில் கணக்கு பார்ப்பவர், அப்புறம் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அப்பாவின் ஜவுளிக்கடையைக் கையில் எடுத்திருக்கும் ஒரு தங்கை. முதல் இருவரும் கேட்டது, "முதலாளி மாசத்துக்கு ஒண்ணு புதுசா கொண்டு வர்றார், கூடவே ரிப்போர்ட்டையும் மாத்தச் சொல்றார், போன வருஷத்தோட எதையும் சேத்துப் பாக்க முடியல, என்ன செய்றதுண்ணே?" தங்கை கேட்டது அதையே மறுபக்கத்திலிருந்து: "நான் எதை மாத்தினாலும் கணக்கு குழம்புதுன்னு பழைய ஆளுங்க சொல்றாங்க. அப்போ நான் மாத்தவே கூடாதா?"

வடசென்னையில் சின்ன, நடுத்தர நிறுவனங்களுக்கு மாதக் கணக்கறிக்கை போட்டுக் கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. இரண்டு பக்கமும் சொல்வது உண்மைதான். மாற்றத்துக்குத் துடிக்காத முதலாளியின் கடை இங்கே ரொம்ப நாள் தாங்காது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., 2020இல் ஊரடங்கு, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பிக்கும் வரை திருவொற்றியூர் ஹை ரோட்டில் வாசலை மறைத்து நின்ற தடுப்புகள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் என்று ஒவ்வொன்றுக்கும் எதையாவது மாற்றித்தான் இங்கே தொழில் நடந்திருக்கிறது. ஆனால் மாற்றியது பலன் கொடுத்ததா என்று கேட்டால், காட்டுவதற்குத் தொடர்ச்சியாக ஒரு எண் வேண்டும். தொழிலை மாற்றுவது வேறு, தொழிலை அளக்கும் படியை மாற்றுவது வேறு. இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் அரிசி கூடியதா, படி சிறுத்துவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதைச் சமாளிக்க நான்கு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. நான்கையும் நான் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, இந்த மாத எண்ணைப் போன வருடத்து எண்ணுக்குப் பக்கத்தில் வைக்க முடிகிறதா என்பது. நம் பக்கத்தில் இது மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை நம்பி இருக்கும் ஐஸ் கம்பெனியையோ வலைக்கடையையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அவர்கள் மே மாத வியாபாரத்தை மார்ச்சோடு ஒப்பிட்டுப் பயப்படுவதில் அர்த்தமே இல்லை, போன வருட மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஜவுளிக்கு இன்னும் சிக்கல், ஏனென்றால் தீபாவளி நகர்ந்துகொண்டே இருக்கிறது: 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு வைத்தாலே தப்பாகிவிடும். "தீபாவளிக்கு முந்தின 6 வாரம்" என்று ஒரு தடவை வரையறுத்துவிட்டு அதையே வருடா வருடம் பிடித்துக்கொண்டு போனால்தான் உண்மை தெரியும்.

இரண்டாவது, முதலாளியின் வேகத்துக்கு அது முட்டுக்கட்டை போடுகிறதா. மூன்றாவது, எழுதுகிற கைக்கு எவ்வளவு பாரம். கவுன்டரில் இருக்கும் பையனும் யார்டில் நிற்கும் சூப்பர்வைசரும்தான் எண்களை எழுதுகிறார்கள், அவர்களுக்குச் சலிப்பு வந்துவிட்டால் அதற்கு மேல் எந்த எக்செல்லும் உதவாது. நான்காவது, எண்ணை அழகாக்கிக் காட்ட எவ்வளவு இடம் இருக்கிறது. ஐந்தாவது வெளியாட்கள்: சி.சி. (கேஷ் கிரெடிட்) கடன் வாங்கியிருந்தால் வங்கி மாதாமாதம் சரக்கிருப்பு ஸ்டேட்மென்ட் கேட்கும், ஆடிட்டர் கேட்பார், பங்காளிகள் இருந்தால் அவர்களும் கேட்பார்கள்.

## வழி 1: வருடம் முழுக்க ஒரே அறிக்கை

ஏப்ரல் 1 அன்று பூட்டு போட்டு அடுத்த மார்ச் 31 வரை தொடாமல் வைப்பது. ஒப்பிட முடியும், வங்கிக்குப் பிடிக்கும், எழுதுகிறவருக்கும் இரண்டாவது மாதத்திலேயே கை பழகிவிடும்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், அந்த அறிக்கையை முதலாளி படிப்பதை நிறுத்திவிடுவார். இதைப் பல இடத்தில் பார்த்துவிட்டேன். மேசையில் அறிக்கை இருக்கும், அவர் சட்டைப் பையில் தனியாக ஒரு சிட்டை இருக்கும், முடிவெல்லாம் அந்தச் சிட்டையைப் பார்த்துத்தான் எடுப்பார். இன்னொரு செலவும் உண்டு. கடைக்குள் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டே இருப்போம், பாதி ஆர்டர் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்திருக்கும். எண் ஒழுங்காக வரும், ஆனால் இப்போது நடக்கும் கடையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அண்ணன் தம்பிகள் கூட்டாக நடத்தி வருட முடிவில் லாபம் பிரிக்கும் தொழிலுக்கு இதுதான் சரி. அங்கே நடுவில் அளவு மாறினால் அது கணக்குப் பிரச்சனையாக நிற்காது, குடும்பப் பிரச்சனையாகிவிடும். பெரிய கடனுக்கு விண்ணப்பித்திருக்கும் வருடத்துக்கும் இதையே சொல்வேன்.

## வழி 2: மாற்றம் வரும்போதெல்லாம் அறிக்கையும் மாறட்டும்

இதுதான் அதிகம் நடக்கிறது, அதிகம் கெடுக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

டிரெய்லர் தொழிலில் ஒரு நிறுவனம், எத்தனை பெட்டி ஏற்றி இறக்கினோம் என்று எண்ணிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு மாதம், "துறைமுகத்துல எல்லாரும் டி.இ.யு. கணக்குலதான் பேசறாங்க, நாமளும் மாறிடுவோம்" என்று முதலாளி சொன்னார். யோசனை தப்பில்லை, உலகம் முழுக்க கன்டெய்னர் தொழில் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. 20 அடிப் பெட்டி என்றால் 1, 40 அடி என்றால் 2. ஆனால் மாதம் 100 பெட்டி, அதில் 60 பெட்டி 40 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், மாறிய மாதத்தில் 100 என்பது 160 ஆகிவிடும். ஒரு லோடுகூட அதிகமாக ஓடவில்லை. அந்த மாதமேதான் டிரைவர் பேட்டாவையும் அவர் மாற்றியிருந்தார். பேட்டா மாற்றம் பலன் கொடுத்ததா என்று இன்றுவரை அங்கே யாருக்கும் தெரியாது.

டபிள்யூ. எட்வர்ட்ஸ் டெமிங், 1950இல் ஜப்பானுக்குப் போய் அங்கிருந்த தொழிலதிபர்களுக்குத் தரக்கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்தவர், இதை ஒரு புனலை வைத்துக் காட்டுவார். மேசையில் ஒரு புள்ளி, அதற்கு நேர் மேலே ஒரு புனல், அதன் வழியாகக் கோலிக்குண்டு விழும். புனலைத் தொடாமல் விட்டால் குண்டுகள் புள்ளியைச் சுற்றிக் கொஞ்சம் சிதறி விழும். ஒவ்வொரு குண்டும் எவ்வளவு தள்ளி விழுந்ததோ அதை ஈடுகட்ட அடுத்த தடவை புனலை எதிர்ப்பக்கம் நகர்த்தினால், சிதறல் குறைய வேண்டும் என்றுதானே நினைப்போம்? கூடிவிடும். புள்ளியியலில் வேரியன்ஸ் என்று சொல்லும் அளவு 2 மடங்காகிவிடும். ஒரு மாதம் விற்பனை இறங்கியதும் ஸ்கீமை மாற்றுவதும், அடுத்த மாதம் ஏறியதும் திரும்ப மாற்றுவதும் இதே கதைதான், தானாக ஏறி இறங்கும் எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடி நாமே ஆட்டத்தைக் கூட்டிவிடுகிறோம்.

இதில் கண்ணுக்குத் தெரியாத பெரிய செலவு ஆட்களிடம் இருக்கிறது. மூன்றாவது தடவை ஃபார்மேட் மாறும்போது யார்டு சூப்பர்வைசர், "இதுவும் ரெண்டு மாசம்தான்" என்று முடிவு கட்டிவிடுவார். அப்புறம் அவர் எழுதுவது அன்றைக்கு நடந்ததாக இருக்காது, நேற்று எழுதியதைப் பார்த்து எழுதியதாக இருக்கும். நம்பிக்கை ஒரு தடவை போனால் திரும்ப வர வருடம் ஆகும்.

இந்த வழிக்கும் நேரம் உண்டு. கடை திறந்து ஆறு மாதம் ஆகவில்லை, ஒப்பிடப் பழைய எண்ணே இல்லை என்றால் தாராளமாக மாற்றிப் பாருங்கள். அவசர காலத்திலும் அப்படியே. மிக்ஜாம் வெள்ளத்தில் குடோனுக்குள் தண்ணீர் ஏறிய வாரத்தில் போன வருட டிசம்பர் யாருக்கு வேண்டும்? கையில் எவ்வளவு காசு, எந்தச் சரக்கு பிழைத்தது, யார் சம்பளம் பாக்கி, தினமும் இது போதும். நெருக்கடி முடிந்த தேதியை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு பழைய அறிக்கைக்குத் திரும்பிவிடுங்கள்.

## வழி 3: ஐந்து நிலையானவை, இரண்டு சோதனை

ஐந்து எண்களை யாரும் தொடக் கூடாது. கூடவே இரண்டு இடம் காலியாக விடுவது, அது முதலாளிக்கு. அவர் எந்தப் புது யோசனை கொண்டுவந்தாலும் அதற்கான எண் அந்த இரண்டு இடத்தில் ஒன்றில் உட்காரும். மூன்று மாதத்துக்குப் பிறகு அது போய்விடும், இல்லையென்றால் ஐந்தில் ஒன்றை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே வரும்.

டிரெய்லர் நிறுவனத்துக்கு நான் எடுக்கும் ஐந்து: வண்டி ஒன்றுக்கு மாதத்தில் எத்தனை ட்ரிப், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், துறைமுக வாசலிலும் யார்டிலும் காத்திருந்த மணி, 60 நாளைத் தாண்டிய பாக்கி, மாத முடிவில் மிச்சம். கவனியுங்கள், இதில் நேரடியாகப் பணம் பேசுவது இரண்டுதான். மேலாண்மை நிபுணர்கள் ராபர்ட் காப்லனும் டேவிட் நார்ட்டனும் 1992இல் பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு என்று எழுதியபோது வைத்த வாதமும் இதுதான், பணக் கணக்கு நடந்து முடிந்ததை மட்டும் சொல்லும், வாடிக்கையாளர் பக்கத்தையும் உள்ளே வேலை நடக்கும் விதத்தையும் ஆட்கள் கற்றுக்கொள்வதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று. காத்திருந்த மணி இந்த மாதம் ஏறினால் மிச்சம் அடுத்த மாதம் இறங்கும், முன்னாலேயே தெரிந்துவிடும்.

செலவு இல்லாமல் இல்லை. எந்த ஐந்து என்பதில் முதல் மாதம் சண்டை வரும், வரட்டும், அந்தச் சண்டை நல்லது. ஆபத்து வேறொன்று: சோதனை இடம் இரண்டு நான்காகி, நான்கு ஒன்பதாகிவிடும். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சோதனை ஆரம்பிக்கும் நாளிலேயே முடியும் தேதியையும் எழுதிவிட வேண்டும்.

பத்திலிருந்து நூறு பேர் வரை வேலை பார்க்கும், முதலாளி துறுதுறுவென்று இருக்கும் எந்த நிறுவனத்துக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். எம்.சி. ரோடு தங்கைக்கும் இதையே சொன்னேன். மாற்றுவதற்கு அவருக்கு இடமும் கிடைக்கும், பழைய ஆட்கள் பிடித்துக்கொள்ள ஒரு கம்பமும் இருக்கும்.

## வழி 4: பழையதும் புதியதும் கொஞ்ச நாள் சேர்ந்து ஓடட்டும்

சில சமயம் அளவையே மாற்றித்தான் ஆக வேண்டும், வேறு வழி இருக்காது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின, 28 சதவீதத்தில் இருந்த வாகன உதிரிபாகங்கள் 18க்கு இறங்கின. மாதவரம் கடையில் பில் மொத்தத்தைத்தான் விற்பனை என்று எழுதி வந்தார்கள். 10,000 ரூபாய் சரக்குக்கு முன்பு பில் 12,800, இப்போது 11,800. அதே சரக்கு, அதே பார்ட்டி, ஆனால் அறிக்கையில் விற்பனை சுமார் 7.8 சதவீதம் விழுந்ததாகக் காட்டுகிறது. முதலாளி கவுன்டர் ஆட்கள் மேல் கோபப்பட்டார், அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. இங்கே அளவை வரிக்கு முந்தைய மதிப்புக்கு மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றும் முறை இதுதான்: மூன்று மாதம் இரண்டு வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் போகும். கூடவே போன வருடத்து 12 மாதத்தையும் புது அளவில் திரும்பக் கணக்கிட வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் பழைய வரிசையை மூடிவிடலாம். பெரிய இடங்களில் இது பழகிப்போன விஷயம். கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் போன வருட எண் பக்கத்திலேயே இருக்க வேண்டும், கணக்குக் கொள்கையை மாற்றினால் அதன் விளைவைச் சொல்ல வேண்டும். சென்செக்ஸைப் பாருங்கள், 1978-79ஐ 100 என்று வைத்துக்கொண்டு ஓடுகிறது, உள்ளே இருக்கும் 30 கம்பெனிகள் வருவதும் போவதுமாக இருக்கின்றன, ஒவ்வொரு தடவையும் சரிக்கட்டி இணைப்பதால் வரிசை அறுவதில்லை.

செலவு வெளிப்படையானது, இரட்டை வேலை. கணக்கு எழுதுகிறவருக்கு மூன்று மாதம் மாலை நேரம் போகும், அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள். வெளியே தெரியாத செலவு, இரண்டு வரிசை இருக்கும்போது எது அழகாக இருக்கிறதோ அதைக் காட்டும் ஆசை. மூடும் தேதி முன்பே எழுதப்படாவிட்டால் இரண்டு வரிசையும் வருடக்கணக்கில் ஓடும், ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

வரி மாற்றம், டேலியிலிருந்து வேறு மென்பொருளுக்குப் போவது, புதுக் கிளை, இந்த மாதிரி சமயத்துக்கு மட்டும் இது. எல்லா மாதமும் செய்யும் வேலை இல்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வழி 1 | வழி 2 | வழி 3 | வழி 4 |
|---|---|---|---|---|
| போன வருடத்தோடு ஒப்பீடு | நன்றாக வரும் | வராது | ஐந்துக்கு வரும் | திரும்பக் கணக்கிட்டால் வரும் |
| முதலாளியின் வேகம் | தடைபடும் | தடையே இல்லை | இரண்டு இடத்துக்குள் | மூன்று மாதம் பொறுக்க வேண்டும் |
| எழுதுகிறவர் பாரம் | குறைவு | சலிப்பு | கொஞ்சம் கூடுதல் | இரட்டை |
| அழகாக்கும் வாய்ப்பு | மெதுவாக வளரும் | மிக அதிகம் | குறைவு | தேதி இல்லாவிட்டால் அதிகம் |
| வங்கி, ஆடிட்டர், பங்காளி | நிம்மதி | தினம் கேள்வி | ஐந்தை ஏற்பார்கள் | விளக்கக் குறிப்பு வேண்டும் |

எந்த வழி என்றாலும் ஒரு விஷயத்தைத் தொடாதீர்கள்: மூலப் பதிவு. ட்ரிப் ஷீட்டில் தேதி, வண்டி எண், பெட்டி எத்தனை அடி, எங்கிருந்து எங்கே, கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், கிலோமீட்டர், டீசல். இது ஒழுங்காக இருந்தால் பெட்டிக் கணக்கோ டி.இ.யு.வோ ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம், எத்தனை வருடம் பின்னால் வேண்டுமானாலும் போகலாம். முதலாளி புதிதாக ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னால் சேருங்கள், இருக்கிற கட்டத்தை எடுக்கச் சொன்னால் மட்டும் கொஞ்சம் நின்று பேசுங்கள். அதே தாளின் ஓரத்தில் நடந்ததையும் எழுதி வையுங்கள்: லாரி ஸ்டிரைக், மழை, தடைக்காலம், பேட்டா மாறிய நாள். எண் ஏன் இறங்கியது என்று ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போது நினைவில் எதுவும் இருக்காது, அந்த ஓரக் குறிப்புதான் கைகொடுக்கும்.

## முதலாளியிடம் எப்படிச் சொல்வது

"அடிக்கடி மாத்தாதீங்க" என்று சொன்னால் எந்த முதலாளியும் கேட்க மாட்டார், சொன்னவர்தான் பழைய பஞ்சாங்கம் ஆகிவிடுவார். நான் கேட்பது இரண்டே கேள்வி: "சரிண்ணே, செய்யலாம். இது வேலை செஞ்சுதான்னு எந்த நம்பர்ல பாப்போம்? எத்தனை மாசம் குடுப்போம்?" பதிலை அவர் முன்னாலேயே எழுதி, தேதி போட்டு, அவர் கையாலேயே ஒரு கையெழுத்தும் வாங்கிவிடுவேன். அவர் யோசனையை நான் மதிக்கிறேன் என்பது அந்தத் தாளிலேயே தெரிகிறது. மூன்று மாதம் கழித்து அது பலிக்கவில்லை என்றாலும் பேச்சு அந்த எண்ணைப் பற்றித்தான் போகும், யாரையும் குத்திக்காட்டுவதாக ஆகாது.

ஒரு மாதம் இறங்கியதும் அவர் துடித்தால் படம் போட்டுக் காட்டுங்கள். 1924இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்ட்டர் ஷூஹார்ட் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் எளிய வடிவம் போதும். கடைசி 24 மாத எண்களுக்குச் சராசரிக் கோடு போடுங்கள், பருவம் பார்த்து ஏறி இறங்கும் தொழில் என்றால் போன வருடத்து அதே மாதத்தோடு உள்ள வித்தியாசத்தைப் போடுங்கள். ஒன்றிரண்டு புள்ளி கோட்டுக்குக் கீழே போனால் பொறுங்கள். தொடர்ந்து 8 புள்ளி ஒரே பக்கம் நின்றால் உண்மையிலேயே ஏதோ மாறியிருக்கிறது, அப்போது மாற்றத்தை நாமே கேட்க வேண்டும்.

## நான்குமே உதவாத ஒரு நிலை

மாற்றங்கள் எப்போது வருகின்றன என்பதைக் கவனியுங்கள். பாக்கி ஏறிய மாதம் பார்த்து அறிக்கையிலிருந்து பாக்கி வரி போகிறது, மைலேஜ் குறைந்த மாதம் பார்த்து டீசல் கணக்கு வேறு தாளுக்குப் போகிறது என்றால், அங்கே நடப்பது மாற்றத்தின் மேல் உள்ள ஆசை இல்லை, ஒரு எண்ணைப் பார்க்க அவருக்குப் பயம். அந்த இடத்தில் வழி 3ஐயும் வழி 4ஐயும் கொண்டுபோய் வைத்தால் ஒளித்து வைக்க இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தது போல ஆகிவிடும். செய்யக்கூடியது, பழைய அளவில் கணக்கைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே வந்து, கடை மூடிய பிறகு, வேறு யாரும் இல்லாத நேரத்தில், அவரிடம் மட்டும் காட்டுவதுதான். கூட்டத்தில் காட்டினால் மானப் பிரச்சனை ஆகிவிடும், அப்புறம் வாயே திறக்க முடியாது.

கொருக்குப்பேட்டையில் ஒரு குடோனில் அப்படி 14 மாதப் பாக்கியை ஒரே தாளில் எழுதி ஒரு முதலாளி முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. டீ வந்தது, அதையும் தொடவில்லை. பிறகு தாளில் இரண்டு பெயரை விரலால் காட்டி, "இந்த ரெண்டு பார்ட்டிக்கும் இனிமே சரக்கு கடனுக்குப் போகக் கூடாது, நாளைக்குக் காலையில நானே போய் வசூல் பாக்கறேன். இந்தத் தாளை மாசாமாசம் குடு" என்றார்.